பீப்பாயில் தொங்கிய கறி

அந்த வருஷம் பக்ரீத் புரட்டாசியில் வந்தது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று கோவளத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. பெருநாளுக்கு முந்தின வாரம் முழுக்க, கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் வானத்தைப் பார்ப்பேன். கடலுக்கு மேலே தலையணை அளவு மேகம் தெரிந்தாலும், அது கலைகிறவரை உள்ளே வரமாட்டேன்.

எல்லாம் உப்புக்கண்டத்தை நினைத்துத்தான். பெருநாளுக்கு அறுக்கிற குர்பானி ஆட்டுக்கறியில் ஏழைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தது போக, எங்கள் பங்கில் பாதியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, நூலில் கோத்து வெயிலில் காயப்போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா இருந்தவரை அது அம்மாவின் வேலை. முந்தின வருஷம் அம்மா மௌத்தாகிவிட்டார். நான் காக்கா விரட்டியிருக்கிறேனே தவிர, ஒரு துண்டு கோத்ததில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் உட்கார்ந்தவள், அடுப்படியில் எல்லாம் கற்றிருப்பேன் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அடுப்படியிலும் நான் ஓரமாகவே நின்றிருக்கிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வெறும் பெருநாள் வழக்கம் என்றால், பெய்கிற மழை பெய்யட்டும் என்று விட்டிருப்பேன். செங்கல்பட்டில் என் அக்கா பிள்ளை உண்டாகியிருந்தாள். முன்னே ஒரு தடவை தங்காமல் போயிற்று. இந்தத் தடவை வயிறு தெரிய ஆரம்பித்த பிறகும் வாந்தி நிற்கவில்லை. சோறு, கஞ்சி, ரொட்டி, எதுவும் உள்ளே இருப்பதில்லை. ஆஸ்பத்திரி நர்சம்மா, இப்படியே போனால் இதுவும் நிற்காது என்று சொல்லிவிட்டார். பெருநாளுக்கு முன்னால் அக்கா வீட்டுக்காரர் எங்கள் பக்கம் வந்தபோது, தொப்பியை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"சோத்துப் பானையத் தொறந்தாலே எழுந்து ஓடுறா. நேத்து தானா வாயத் தொறந்து, எங்கம்மா வூட்டு உப்புக்கண்டம் இருந்தா ரெண்டு வாய் எறங்கும்னா. கேட்டது அது ஒண்ணுதான்."

எங்கம்மா வீட்டு உப்புக்கண்டம். அம்மா இல்லை, வீட்டில் நான்தான் இருந்தேன்.

பெருநாள் தொழுகை வரை வானம் பொறுத்துக்கொண்டது. ஆட்டை அறுத்துப் பங்கு பிரித்து, நான் கோணி ஊசியும் நூலுமாக உட்கார்ந்து கடைசித் துண்டைக் கோத்து முடிக்கும்போது, முற்றத்தில் வெளிச்சம் குறைந்தது. பிறகு தூறல். கொட்டித் தீர்த்து ஓய்கிற மழையில்லை. பகல் எது, பொழுது சாய்ந்தது எப்போது என்று தெரியாத மாதிரி, சல்லடையில் மாவு சலிப்பதுபோல இறங்கிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் கொடி கட்டிக் கறியை மாட்டினேன். மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுத்தது. மோந்து பார்த்தேன். மறுபடி மோந்தேன். கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டதா, என் பயம்தான் நாறுகிறதா என்று எனக்கே விளங்கவில்லை.

என் வீட்டுக்காரர் எனக்கு மாமா மகன். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, படகுக்காரர்களுக்குக் கயிறும் ஆணியும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். சண்டைக் காலத்தில் தாம்பரம் பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளத்து முகாமில் மூட்டை தூக்கியவர். அதனால் உலகத்தில் எதற்கும் அவரிடம் ஒரு பட்டாளத்துக் கதை இருக்கும்.

"பட்டாளத்துக்காரன் இன்னா வெயிலுக்கா காத்துகினு இருந்தான்?" என்றார். "ஒரு பீப்பா. அடியில கரி நெருப்பு. மேல கம்பி. கம்பில கறிய மாட்டி மூடியப் போட்டுடுவான். காலைல மாட்னா சாயங்காலம் எடுப்பான். பொகையே எல்லாத்தையும் பாத்துக்கும்."

"மூடிட்டா நெருப்பு அணைஞ்சி போவாதா மச்சான்? காத்துக்கு ஓட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மேலயா, அடியிலயா?"

கூரையைப் பார்த்தார். "ஓட்டை இருந்துச்சுமே. எங்க இருந்துச்சுன்னா? நான் மூட்டை தூக்கப் போனேனா, ஓட்டையப் பாக்கப் போனேனா?"

"அவங்க இன்னா கறி மாட்டுனாங்க?"

 அவர் வெற்றிலை போட்டுக்கொள்ளப் போய்விட்டார். எனக்குப் புதுக் கவலை ஒன்று முளைத்தது.

தகரப் பீப்பாய் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற மீன்கார வீடு. அந்த வீட்டம்மாவை நான் மதினி என்று கூப்பிடுவேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், வாயில் உப்பு கொஞ்சம் தூக்கலானவள். பீப்பாயை வேலி வழியாக உருட்டிவிட்டாள். எனக்கோ மனசு ஆறவில்லை. மதுவிலக்கு வந்த புதிது. மாமல்லபுரம் வரைக்கும் சவுக்குத் தோப்புகளில் மண்ணுக்கடியில் சாராயப் பீப்பாய் புதைத்திருக்கிறார்கள் என்று பேச்சு. குர்பானி கறியை அப்படிப்பட்ட ஒன்றில் மாட்டினால் என்ன ஆவது? இல்லை, பட்டாளத்திலிருந்து வந்த பீப்பாயாக இருந்து, அதில் பன்றிக் கொழுப்பு இருந்திருந்தால்?

"மதினி, இதுல சாராயம் எதுனா இருந்துச்சா?"

"சாராயம் கெடச்சா எங்கூட்டு ஆளு அத பீப்பாயிலயா வைப்பாரு? நேரா வயித்துலதான் ஊத்துவாரு."

"கொழுப்பு எதுனா?"

"அது எனக்குத்தான் இருக்குதுன்னு எம் மாமியா சொல்லுவா."

"சொல்லு மதினி."

"மீன் எண்ணெதாண்டி இருந்துச்சு. படவுக்குப் பூசுற எண்ணெ. போதுமா?"

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். மீன் எண்ணெய், அதில் ஹராம் ஏது, சுத்தமான பொருள். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வைக்கோலைக் கொளுத்தி உள்ளே போட்டு எரித்து, கவிழ்த்து நீர் வடித்தேன். முகத்தை உள்ளே விட்டு மோந்தேன். ஒரு வாசனையும் இல்லை. மதினியும் மோந்து பார்த்தாள், என் வீட்டுக்காரரும் பார்த்தார். ஒன்றுமே இல்லை. இனி கவலையில்லை என்று நினைத்தேன். அன்றைக்கு நான் கவலைப்படாத விஷயம் அது ஒன்றுதான்.

கொல்லையில் ஓலைச் சார்ப்புக்குக் கீழே பீப்பாயை நிறுத்தினோம். மாமல்லபுரம் தோப்புக்காரர்களிடமிருந்து வாங்கிய சவுக்குக் கரியை அடியில் கொட்டி, கொட்டாங்கச்சியால் மூட்டிவிட்டோம். நெருப்பு அழகாகக் கனிந்தது. சைக்கிள் கம்பிகளைக் குறுக்கே போட்டு, கறிச் சரங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தொங்கவிட்டு, மூடியை வைத்து, மேலே நனைந்த கோணியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மூடி ஓரமாக வந்த புகை மெலிந்து நின்றுபோயிற்று. திறந்தால் அடியில் கரி கறுத்துக் கிடந்தது.

"ஓட்டை அடியிலதான் இருந்துச்சு," என்றார் என் வீட்டுக்காரர், இப்போதுதான் ஞாபகம் வந்தவர் மாதிரி.

உளியும் சுத்தியும் கொண்டுவந்து அடியைச் சுற்றித் துளை போட்டார். காற்று புகுந்ததும் நெருப்புக்கு ஆவேசம் வந்துவிட்டது. கொழுப்பு சொட்டிச் சொட்டிச் சுர்ரென்றது. தீ எழுந்து ஒரு சரத்தின் நுனியைக் கருக்கிவிட்டது. நான் மூடியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் தீ இன்னும் எழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மதினி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, பொண்ணு பாக்க வந்தவ மாதிரி மூடியத் தூக்கித் தூக்கிப் பாத்துகினே கீற. வுட்டுத் தொலையேன். அது வெக்கப்படுது."

கரியின்மேல் சாம்பலை அள்ளிப் போட்டேன். துளைகளில் பாதியை ஈர மண்ணால் அடைத்தேன். மூடியை வைத்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், இரண்டையும் தொடைக்குக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த பொழுதை நான் எப்படிச் சொல்வது? மூடியின் ஓரத்திலிருந்து புகை நூல் நூலாகக் கிளம்பியது. மேலே போக வழியில்லை; தூறல் அதைத் தலையில் தட்டிக் கீழே இறக்கியது. இறங்கின புகை தரையோடு தவழ்ந்து, மருதாணிச் செடியைச் சுற்றி, கிணற்றடியைத் தாண்டி, வேலி ஓலைகளுக்கு நடுவே புகுந்து கடலைப் பார்க்கப் போயிற்று. கடலும் வானமும் அன்றைக்கு ஒரே துணியாக இருந்தன. அதில் இரண்டு கட்டுமரங்கள், தண்ணீரில் இல்லாமல் மழையின்மேல் நிற்பதுபோல நின்றன. ஆட்கள் துடுப்புப் போடுவது தெரிந்தது. அவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பது தெரியவில்லை. வேலியில் வரிசையாகக் காக்கைகள் நனைந்து உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. அவற்றுக்கும் இந்த விஷயம் புதிது.

பீப்பாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனால் அலைச் சத்தமும் அதுவும் ஒன்றாகிவிடும். கன்னத்தில் அனல், முதுகில் சாரல். நான் தூங்கினேனா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பிள்ளையாக, பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, காயப்போட்ட கறியில் ஒரு துண்டைத் திருடி வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உப்பு கரைகிறவரை மெல்லக்கூடாது என்பது அவள் சட்டம். அவள் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. புகை அவள் மடியில் ஏறி, வயிறுவரை வந்து, அங்கே சுருண்டு படுத்துக்கொண்டது. நான் அதை விரட்டக் கை நீட்டினேன். இருக்கட்டும் என்று கன்னத்தால் சொன்னாள்.

"இன்னா காச்சுறீங்க?"

கண்ணைத் திறந்தால் வேலிப் படலுக்கு அருகே சிவப்புத் தொப்பி. நனைந்துபோன ஒரு போலீஸ்காரர். பீப்பாயும் புகையும் தெருவிலிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு நொடியில் என் வீட்டுக்காரரை விலங்கு மாட்டிச் செங்கல்பட்டு ஜெயிலுக்கு அனுப்பி, கடையைப் பூட்டி, நான் சாப்பாட்டுத் தூக்கோடு ஜெயில் வாசலில் நிற்கிறவரை பார்த்துவிட்டேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து ஓரமாக நின்றேன்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் கொல்லைக்கு ஓடி வந்தார். "கறி சார்."

"பீப்பாயிலயா?"

"பட்டாளத்துல இப்படித்தான் சார்," என்று மூடியைத் தூக்கிக் காட்டினார். புகை போலீஸ்காரர் முகத்தில் அடித்தது. சாராய வாசனையைத் தேடி நன்றாக இழுத்து மோந்தார்.

"மீனா?"

"ஆட்டுக்கறி சார். குர்பானிக் கறி."

"மீனு வாசனை அடிக்குதேப்பா." அவர் கடல் இல்லாத ஆற்காட்டுப் பக்கத்து ஆள், பேச்சிலேயே தெரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதினி, "கடக்கரையில மீனு வாசனை அடிக்காம மல்லிப்பூவா மணக்கும்?" என்றாள். போலீஸ்காரர் சிரித்துவிட்டார். தொப்பித் தண்ணீரை உதறிவிட்டுப் போனார்.

"போலீசு மூக்கு," என்று என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூடியை வைத்துவிட்டு, கையை மோந்தேன், முந்தானையை மோந்தேன். எல்லாவற்றிலும் புகைதான் இருந்தது. பிறந்ததிலிருந்து இந்தக் கரையில் இருக்கிற மூக்கு, அது வேறென்ன சொல்லும்?

பொழுது சாயும் நேரத்தில் சரங்களை எடுத்தோம். தேக்கு நிறத்தில் இறுகி, மேலே ஒரு மினுமினுப்போடு இருந்தன. ஒன்றைப் பிய்த்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. வெயிலில் காய்ந்த மாதிரி இல்லை. வேறு மாதிரி, ஆனால் நன்றாகத்தான். மறுநாளும் இலேசான புகையில் வைத்து, ஈரம் போனதும் வெள்ளைத் துணியில் முடிந்தேன்.

என்னைச் செங்கல்பட்டுக்கு என் வீட்டுக்காரரே கொண்டுபோய் விட்டார். உப்பங்கழியைத் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே மாட்டு வண்டி. கேளம்பாக்கத்தில் பஸ். மழையில் உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடியிருந்தார்கள். மடியில் மூட்டையோடு நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். திருப்போரூர் தாண்டியதும் பக்கத்து சீட்டுக் கிழவி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "யாரு கருவாடு எடுத்துனு வர்றது?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். நானும் கூடவே திரும்பிப் பார்த்தேன்.

அக்கா உள் அறையில் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கைவளையல்கள் முழங்கைவரை ஏறிப் போயிருந்தன. சிரித்தாள்; சிரிப்பு மட்டும் இளைக்காமல் இருந்தது. நான் பேச்சை வளர்க்காமல் அடுப்படிக்குப் போய், இரண்டு துண்டைத் தட்டி நசுக்கி, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் போட்டேன்.

அக்காவின் மாமியார் வாசலில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவர், முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முந்தானை மூக்கில்.

"இன்னாடி இது? கறின்னு சொன்னியே, கருவாடு வறுக்கறியா? மசக்கைக்காரி இருக்கிற வூடு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. போலீஸ்காரர். பஸ்ஸில் வந்த கிழவி. பீப்பாயின் மடிப்பில் வருஷக்கணக்காக ஊறிக்கிடந்த மீன் எண்ணெய், அனல் பட்டு மெதுவாகக் கசிந்து, புகையோடு புகையாக ஒவ்வொரு சரத்திலும் ஏறியிருக்கிறது. சாராயம் இருந்ததா என்று கேட்டேன், கொழுப்பு இருந்ததா என்று கேட்டேன். மீன் என்றதும் சந்தோஷப்பட்டேன். எங்கள் மூன்று பேர் மூக்கும் அதற்குள் தலையை விட்டு, ஒன்றுமில்லை என்று சாட்சி சொன்னது.

வாணலியைத் துணியால் பிடித்துத் தூக்கிக் கொல்லைப்பக்கம் போனேன். சோற்றுப் பானைக்கே ஓடுகிறவள் இந்த வாடைக்கு என்ன ஆவாள்? குடல் வெளியே வந்துவிடும். பிள்ளையும். என் கால் நிலைப்படியில் தடுக்கியது.

"எங்க எடுத்துனு போற?" அக்காவின் குரல்.

"கெட்டுப்போச்சுக்கா. வேற செஞ்சி தர்றேன்."

"கெடல. இங்க கொண்டா."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாணலியோடு நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். அந்தப் போலீஸ்காரர் இழுத்த மாதிரியேதான், ஆனால் விடாமல் இழுத்தாள்.

"வாசப்படியில நிக்கிற மாதிரி கீது," என்றாள். "நம்ம வூட்டு வாசப்படி. படவு வந்து ஏறுற நேரம்."

 கஞ்சியில் உப்புப் போட்டுக் கிண்ணத்தில் கொடுத்தேன். அக்கா ஒரு துண்டை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டாள். மெல்லவில்லை. கன்னம் ஒரு பக்கம் உப்பியது. பிறகு கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். மாமியார் மூக்கிலிருந்து முந்தானையை எடுக்காமலே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் பித்தளைப் பாத்திரத்தை வாந்திக்குத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அக்காவின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கூரையிலிருந்து சொட்டுகிற நீர் எங்கோ ஒரு தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

கிண்ணம் காலியாயிற்று. பாத்திரமும் காலியாகவே இருந்தது. அக்கா அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். மாமியார் பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"நாறத்தான் நாறுது," என்றார் என்னிடம், ரகசியம்போல. "இன்னும் எவ்ளோ எடுத்தாந்த?"

மூட்டையைப் பார்த்தேன். மாசியில் பிரசவம், அதுவரை வரவேண்டும். எந்தக் கணக்கிலும் வராது. மூட்டையை அவிழ்த்துத் துண்டுகளை எண்ண ஆரம்பித்தேன்.

மறுநாள் நான் ஊர் திரும்பும்போது வெயில் வந்திருந்தது. புரட்டாசி வெயில், கறி காயப்போட ஏற்ற வெயில். கொல்லையில் என் வீட்டுக்காரர், செங்கல்பட்டிலேயே கறி நாறிய பாதியை மட்டும் கேட்டுவிட்டுக் கடையைத் திறக்க முன்னால் வந்தவர், பீப்பாயைப் படுக்கவைத்து, பக்கத்தில் சுண்ணாம்புக் கரைசலும் தென்னை விளக்குமாறுமாக உட்கார்ந்திருந்தார்.

"நாத்தம் புடிச்ச பீப்பா. சும்மா பளபளன்னு ஆக்கிடறேன் பாரு," என்றார்.

"தொடாதீங்க மச்சான்."

"இன்னா?"

"அத அப்படியே வையுங்க. கசாப்புக் கடையில கறி சொல்லிட்டு வாங்க. நான் கரி எடுத்தாறேன்."

மாறு கையிலேயே நிற்க, என்னைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மதினி வலையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"வெயிலு இப்படிக் காயுது. இன்னிக்கும் பீப்பாயா?"

"மதினி," என்றேன், "அந்த எண்ணெ இன்னும் கொஞ்சம் வூட்ல கீதா?"

அவள் சிரித்த சிரிப்பு கரையில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. சிரித்துக்கொண்டே போய் ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றிக்கொண்டு வந்தாள். பீப்பாயின் உள்மடிப்பில் விரலால் தடவினேன். மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. போதுமா போதாதா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. இன்னும் கொஞ்சம் தடவினேன்.

மாசியில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. அதுவரைக்கும் எங்கள் கொல்லையில் புகை இருந்துகொண்டே இருந்தது. நல்ல வெயில் நாட்களில்கூட, வேலியைத் தாண்டிக் கடல்பக்கமாக அது தவழ்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு, கைகளைத் தொடைக்குக் கீழே போட்டு உட்கார்ந்திருப்பேன்.